தோளில் ஒரு தழும்பு

ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் மாரியம்மன் கோயிலில் உச்சிகால பூஜை நிறைவுற்று, கூழ் வார்த்து முடிந்திருந்தது. மண்டபத்துத் தூண் நிழலில் 72 வயது மூதாட்டி ஒருவர் தனியே அமர்ந்திருந்தார். மடியில் அர்ச்சனைத் தட்டு. அதில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் குங்குமமும் இருந்தன. அவற்றின் அடியில் நான்காக மடிக்கப்பட்ட தாள் ஒன்றும் இருந்தது.

அது பேத்தியின் பள்ளியிலிருந்து வந்த ஒப்புதல் படிவம். பேத்திக்கு 12 வயது; பக்கத்து நகரில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். சேவைச் சங்கம் ஒன்று பள்ளியில் நடத்தும் முகாமில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி மாணவியருக்கு இலவசமாகப் போடப்படவிருக்கிறது. விருப்பமுள்ள பெற்றோர் திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

மகன், "அம்மா சொன்னால் சரி" என்று ஒதுங்கிக்கொண்டார். மருமகள், "போட்டுவிடலாம், அத்தை" என்று இருமுறை கூறிப் பார்த்தார். மூன்றாம் முறை கூறத் துணியாமல், படிவத்தைப் பூஜை அலமாரியில் அம்மன் படத்தருகே வைத்துவிட்டார். காலையில் விளக்கேற்றியபோது அதை எடுத்த மூதாட்டி, என்ன செய்வதென்று தெரியாமல் அர்ச்சனைத் தட்டிலேயே வைத்துக் கோயிலுக்குக் கொண்டு வந்திருந்தார்.

கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், பிராகாரம் சுற்றி முடித்து அருகில் வந்து அமர்ந்தார். அவர் ஓய்வு பெற்ற பின்னும் ஊராருக்கு அவர் 'நர்சம்மா'தான். மூதாட்டியின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டார். படிவம் கைமாறியது.

"பிள்ளைக்குச் சடங்கு செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, நர்சம்மா. இந்த வயதில் அந்த நோய்க்கு ஊசி என்றால் ஊரார் என்ன பேசுவார்கள்? அது ஒழுக்கம் தவறியவர்களுக்கு வரும் நோய் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்" என்றார் மூதாட்டி.

நர்சம்மா உடனே மறுமொழி கூறவில்லை. மூதாட்டியின் இடக்கையைப் பற்றி, தோளருகே இருந்த பழைய வட்டத் தழும்பைச் சுட்டினார்.

"அக்கா, இது எப்படி வந்தது?"

"அம்மை குத்தியது. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்றதும் நான் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பாதான் தூக்கி வந்து குத்த வைத்தார்."

"உங்கள் அப்பா தெய்வ நம்பிக்கை இல்லாதவரோ?"

"என்ன பேச்சு இது! இதே கோயிலில் ஆண்டு தவறாமல் தீச்சட்டி எடுத்தவர் அவர்."

"அப்படிப்பட்டவர்தானே உங்களைத் தூக்கி வந்து அம்மை குத்தவும் வைத்தார்?"

மூதாட்டி மௌனமானார்.

இன்று எழுபதைக் கடந்த பலரின் தோளிலும் முன்கையிலும் இந்தத் தழும்பு உண்டு. பெரியம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பதைத் தவிர்த்து, அம்மனை வேண்டி, நோயுற்ற குழந்தையின் அருகே இரவெல்லாம் விழித்திருந்த தலைமுறை அது. பிழைத்தவர்களில் பலர் கண்ணை இழந்தனர்; பலருக்கு முகம் முழுதும் வடு நின்றது. இந்திய மண்ணில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980 மே மாதம் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அதற்குக் காரணம் ஊர் ஊராக, வீடு வீடாகப் போடப்பட்ட அம்மைத் தடுப்பூசி. அதனால் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதும் பூச்சொரிவதும் குறைந்துவிடவில்லை. வழிபாடு நிலைத்தது, நோய்தான் நீங்கியது. அன்று ஊசியையும் உற்சவத்தையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதாத பெரியவர்களால்தான் இன்றைய தாத்தா பாட்டியர் உயிரோடு இருக்கின்றனர்.

தழும்பைத் தடவியவாறு நெடுநேரம் இருந்த மூதாட்டி, பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு ஓர் அக்காள் இருந்தாள்" என்று தொடங்கினார்.

அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவள் அந்த அக்காள். நாற்பது வயதை எட்டும்போது உதிரப்போக்கு நிற்காமல் துன்புற்றாள். யாரிடமும் சொல்லவில்லை. துணிகளை விடியுமுன் ஆற்றில் அலசிவிட்டு வருவாள். இடுப்பு வலி தாளாமல் படுத்த பிறகுதான் மதுரைக்கு அழைத்துச் சென்றனர். காலம் கடந்துவிட்டது என்று கூறித் திருப்பி அனுப்பினர். வீடு திரும்பிய நான்காம் மாதம் அவள் மறைந்தாள். என்ன நோய் என்று கேட்டவர்களிடம், "வயிற்றில் கட்டி" என்றே குடும்பத்தார் கூறினர். நோயின் பெயரும் அதன் இடமும் வெளியே தெரிந்தால் அவள் மகளுக்கு மணம் அமையாது என்று அஞ்சினர்.

"அவள் எந்தப் பாவமும் அறியாதவள், நர்சம்மா. கணவர் முகத்தைத் தவிர வேறு முகத்தை நிமிர்ந்து பார்த்தவள் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம், அவளைத்தான் பழிக்கிறார்களோ என்று நெஞ்சு பதறும். ஐம்பது ஆண்டுகளாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மருமகளுக்குக்கூடத் தெரியாது."

"உங்கள் அக்காள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை; மருத்துவம் அறிந்த உண்மையாகச் சொல்கிறேன்" என்றார் நர்சம்மா.

அவர் கூறியதன் சாரம் இதுதான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். உடல் உறவின் வழியே பரவும் இது மிகமிகப் பரவலானது. இல்லறத்தில் ஈடுபடும் ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றிச் செல்லக்கூடியது. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரலாம். பெரும்பாலோர் உடலில் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலரிடம் மட்டும் அது நீங்காமல் தங்கி, கருப்பையின் வாய்ப்பகுதித் திசுக்களைச் சிறிது சிறிதாக மாற்றுகிறது. அம்மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எவரிடம் தங்கும், எவரை விட்டு நீங்கும் என்பதற்கும் ஒழுக்கத்துக்கும் தொடர்பில்லை.

இந்த உண்மை வெளிப்பட்டது அண்மைக் காலத்தில்தான். 1970களில் மருத்துவ உலகம் வேறொரு வைரஸையே ஐயுற்றிருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெரால்டு சூர் ஹவுசன் என்னும் அறிஞர் எச்.பி.வி.யே காரணம் என்று வாதிட்டபோது அதை ஏற்றவர் சிலரே. அவரும் அவரது குழுவினரும் 1983இல் அவ்வைரஸின் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுத் திசுவில் கண்டறிந்தனர். உலகில் ஏற்படும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம். அவருக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேசரும், சீனத்திலிருந்து வந்த ஜியான் சோவும் 1991இல் வைரஸின் மேலுறையை மட்டும் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினர். உள்ளே வைரஸின் உயிர்க்கூறு ஏதுமற்ற வெற்றுக் கூடு அது. அதனால் நோயை உண்டாக்க இயலாது. ஆனால் உடல் அதைப் பகையென்று கருதி எதிர்ப்பாற்றலைத் திரட்டிக்கொள்ளும். இன்றைய தடுப்பூசியின் அடிப்படை அதுவே. 2006இல் ஊசி பயன்பாட்டுக்கு வந்தது. அதைக் காண ஜியான் சோ இல்லை. அவர் 1999இலேயே மறைந்துவிட்டார்.

"அப்படியானால் திருமணத்துக்கு முன்பு போட்டால் போதாதா? பன்னிரண்டு வயதில் எதற்கு?" என்று மூதாட்டி கேட்டார்.

"வெள்ளம் வந்தபின் கரை கட்ட முடியுமா, அக்கா? வைரஸ் உடலுக்குள் வந்த பிறகு இந்த ஊசியால் அதை வெளியேற்ற முடியாது. வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பயன். அத்துடன் 9 முதல் 14 வயது வரை பிள்ளைகளின் உடலில் எதிர்ப்பாற்றல் மிக நன்றாக உருவாகிறது. இன்று போடும் ஊசி, உங்கள் பேத்தி நாற்பது வயதில் தன் பிள்ளைகளோடு நலமாக இருப்பதற்காக. நம் அப்பாக்கள் அம்மை குத்தியபோது நம் நடத்தையை ஐயுற்றா குத்தினார்கள்?"

பெண்ணுக்கு வயது வந்ததும் அவள் திருமணத்துக்கென்று வைப்புத் தொகை தொடங்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அத்தொகை முதிரப் பல ஆண்டு ஆகும் என்பதற்காக எவரும் அதைத் தள்ளிப்போடுவதில்லை. நாள் கடத்தினால் பயன் குறையும் என்பதை அறிந்தே இளமையில் தொடங்குகின்றனர். இதுவும் அத்தகையதே.

இதன் பயன் வெறும் நம்பிக்கையன்று, கணக்கிட்டு அறியப்பட்டது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடையே இந்நோய் 87 விழுக்காடு குறைந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்கும் பரவும் நிலையிலான கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. இமயத்தின் சிறு நாடான பூட்டான் 2010ஆம் ஆண்டிலேயே இதை நாடு முழுவதற்குமான திட்டமாக்கியது. இந்தியாவில் சிக்கிம் மாநிலம் 2018இல் சிறுமியருக்குப் பள்ளிகள் வழியே போடத் தொடங்கி, மிகப் பெரும்பாலோரைச் சென்றடைந்தது. புனேயைச் சேர்ந்த நிறுவனம் தயாரித்த செர்வாவேக் என்னும் இந்தியத் தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் இடைக்கால நிதிநிலை அறிக்கையிலும், 2025 மார்ச்சில் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையிலும் சிறுமியருக்கான இத்தடுப்பூசி இடம்பெற்றது.

இத்தனை அக்கறைக்கும் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்தனர். அவர்களுள் பலர் உங்கள் அக்காளைப் போலவே கூச்சத்தால் சொல்லாமல் இருந்து, காலம் கடந்து மருத்துவரிடம் சென்றவர்கள் என்று நர்சம்மா கூறியபோது மூதாட்டி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஆயினும் ஓர் ஐயம் அவரிடம் எஞ்சியிருந்தது. "ஆந்திரத்தில் இந்த ஊசி போட்ட பிள்ளைகள் சிலர் இறந்துபோனதாக ஒரு பேச்சு உண்டே?"

நர்சம்மா அதை மறைக்கவில்லை. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அன்றைய ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த ஒரு செயல்விளக்கத் திட்டத்தில் ஊசி போட்டுக்கொண்ட சிறுமியருள் ஏழு பேர் பின்னர் இறந்தனர். திட்டம் நிறுத்தப்பட்டது. ஆராய்ந்த குழு, அம்மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்று கூறியது. ஆனால் பெற்றோரிடம் முறையாக ஒப்புதல் பெறாதது பெருங்குறை என்பதும் வெளிப்பட்டது. பின்னர் நாடாளுமன்றக் குழுவும் அதைக் கடிந்துரைத்தது.

"அதனால்தான், அக்கா, இந்தத் தாள் உங்கள் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. நான் சொன்னேன் என்பதற்காகக் கையெழுத்துப் போட வேண்டாம். படித்துப் பாருங்கள். புரியாததை மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு வேறு ஒவ்வாமை, காய்ச்சல் இருந்தால் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தில் வலியும் வீக்கமும் இருக்கும். சிலருக்கு இலேசான காய்ச்சலும் தலைவலியும் வரும். ஊசியைக் கண்டு மயங்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். போட்ட பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இதனால் பிள்ளைப்பேறு தடைபடும் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

எழுந்துகொள்ளும் முன் நர்சம்மா மேலும் ஒன்றைக் கூறினார். ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுப்பதில்லை, ஆகவே ஊசி போட்டவர்களும் முப்பது வயதுக்குப் பின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசி போடும் வயதைக் கடந்த தாய்மார்களுக்கோ பரிசோதனையே முதன்மையான காப்பு. அதற்குச் சான்று இந்தத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே உண்டு. 2000ஆம் ஆண்டு தொடங்கி இங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பையின் வாயில் தடவி, வெண்மை தோன்றுகிறதா என்று கண்ணால் பார்த்தனர். சில நிமிடச் சோதனை; விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மாற்றம் கண்டவர்களுக்கு முற்றுவதற்கு முன்பே சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரே ஒருமுறை செய்த அச்சோதனையால், அச்சோதனை நடைபெறாத ஊர்களைவிட நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. 2007இல் அந்த முடிவு உலகப் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. இந்தச் சோதனை இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படுகிறது.

"உங்கள் மருமகளுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது அல்லவா? அழைத்துச் செல்லுங்கள். நம் வயதினரும் ஒன்றை மறக்கக் கூடாது. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு துளி உதிரம் பட்டாலும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தாலும், வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்."

தமிழகத்தில் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மற்றொரு பெண்ணையும் இங்கே நினைவுகூரலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை அந்நோயால் 1923இல் இழந்தார். வேறு நோய் என்று தவறாகக் கருதப்பட்டு, உண்மை தெரியும்போது காலம் கடந்திருந்தது. அத்துயரத்தை அவர் மறைத்து வைக்கவில்லை. இனி ஒரு குடும்பத்துக்கு இது நேரக்கூடாது என்று பல ஆண்டுகள் பாடுபட்டார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது அதனால்தான். ஒருவர் துயரம் வெளியே சொல்லப்பட்டதால் எண்ணற்றவர் பிழைத்தனர்.

அன்று மாலை வீடு திரும்பிய மூதாட்டி, விளக்கேற்றியபின் பேத்தியை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டார். படிவத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். புரியாத இடங்களில் நிறுத்தி, மருமகளிடம் விளக்கம் கேட்டார். படித்து முடித்த சிறுமி, "வலிக்குமா, அப்பத்தா?" என்றாள்.

மூதாட்டி சேலைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டினார். "இது வலித்தது. ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் நான் இல்லை, உன் அப்பா இல்லை, நீயும் இல்லை."

சிறுமி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் உறங்கிய பிறகு, மூதாட்டி மகனையும் மருமகளையும் கூடத்தில் அமரச் செய்து, தம் அக்காளின் கதையைக் கூறினார். அவளுக்கு வந்தது வயிற்றுக் கட்டியன்று என்று முதன்முறையாக அவர் வாயால் சொன்னார். மகன் தலைகுனிந்து கேட்டிருந்தார். மருமகள் மூதாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு, "ஏன் அத்தை இத்தனை நாள் தனியாகச் சுமந்தீர்கள்?" என்றார்.

"வெட்கப்பட வேண்டியது என்று நினைத்திருந்தேன், அம்மா. இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. வரும் புதன்கிழமை நீயும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வா. நானும் உடன் வருகிறேன்."

திங்கட்கிழமை காலை, மகன் கையெழுத்திட்ட படிவம் பேத்தியின் பையில் இருந்தது. முகாமுக்குப் பெற்றோரில் ஒருவர் வரலாம் என்று சொல்லியிருந்தனர். தாய்க்கு முன்பாக அப்பத்தா புறப்பட்டுவிட்டார். சிறுமிக்கு இரண்டு இட்லி கூடுதலாக ஊட்டி, நெற்றியில் அம்மன் குங்குமம் இட்டு, கைப்பிடித்துப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றார்.